ஜெரோனிமின் உடல் வரும்வரை

எர்மெலிந்தா தன் வீட்டின் பின்கட்டை விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறாள். ஆனால் சாவி கிடைப்பது சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு மட்டும்தான். வெள்ளிக்கிழமை வரலாமா என்று யாராவது கேட்டால், "சுத்தம் பண்ற ஆள் லீவுல இருக்கா" என்று கைபேசியில் பதில் தட்டுவாள். சுத்தம் பண்ணுகிற ஆள் அவளேதான். எங்கள் குடியிருப்பான இந்த வாடோவில் இருக்கிற இருபத்து மூன்று வீட்டுக்கும் இது தெரியும்; என் சமையலறை ஜன்னல் அவள் கொல்லையைப் பார்த்து இருப்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

காரணம் பக்கத்துப் பள்ளம். அங்கே முன்பு வீட்டின் மறுபாதி இருந்தது. எர்மெலிந்தாவின் மாமனார் கட்டிய ஒரே நீள வீட்டை அவருடைய இரண்டு பிள்ளைகளும் நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். மூத்தவன் கசியானோ, எர்மெலிந்தாவின் புருஷன், கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் எட்டு மாதம் கடலில். இளையவன் ஜெரோனிம் இங்கிலாந்தில், சுவிண்டனில், ஏதோ கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். போன வருஷம் அவன் தன் பாதியை டெல்லிக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டான். எங்கள் ஊரில் மூதாதையர் வீட்டை விற்க அண்ணன், அண்ணன் பெண்டாட்டி எல்லோரும் கையெழுத்துப் போட்டாக வேண்டும். எர்மெலிந்தாவும் போட்டாள். "நானா? பேனாவைத் தொடவே இல்ல" என்று என்னிடம் சத்தியம் செய்தாள். நோட்டரி அலுவலகத்துக்கு அவள் நீல கவுன் போட்டுக்கொண்டு டாக்ஸியில் ஏறியதை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

டெல்லிக்காரர் பாதி வீட்டை இடித்தார். நான்கு பங்களா, ஒவ்வொன்றுக்கும் ஒரு நீச்சல் குளம். இரண்டு முழம் தோண்டியதும் செம்பாறை முடிந்து கரும்பாறை வந்தது. அன்றிலிருந்து பாறை உடைக்கிற பிரேக்கர் இயந்திரம் காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் மாலை ஆறு மணிவரை. என் வீட்டு அலமாரியில் இருக்கிற மாதா சொரூபமே ஒரு மாதத்தில் அரை சாண் நகர்ந்து, இப்போது சுவரைப் பார்த்து நிற்கிறாள். பகல் தூக்கம் என்று ஒன்று எங்கள் ஊரில் இருந்தது. அதெல்லாம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இயந்திரம் ஓடாது.

ஆகவே சனிக்கிழமை மாலை. விருந்தாளி வரும்போது இயந்திரம் தார்ப்பாய்க்குள் தூங்கும். மறுநாள் காலை மாதா கோவில் மணி, மரங்கொத்தி, தென்னை ஓலை அசைகிற சத்தம். மதியம் எர்மெலிந்தா தன் கையால் சோர்போத்தேல் என்கிற பன்றிக்கறியும் இட்லிபோல இருக்கிற சன்னாவும் பரிமாறுவாள். வயிறு நிறைந்து கண் சொக்குகிற நேரமாகப் பார்த்துச் சிவப்பு அட்டை போட்ட நோட்டை நீட்டுவாள். "ரெண்டு வரி எழுதிக் குடுங்களேன். என் புருஷன் கப்பல்லேர்ந்து வந்தா படிச்சுக் காட்டுவேன்." அவர்களும் 'சொர்க்கம் போன்ற அமைதி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். இடம் பிடித்துக் கொடுக்கிற கைபேசி ஆப்பில், குறை ஏதாவது இருந்தால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டுமாம். ஞாயிறு மாலை ஆறரைக்கு அது முடிந்துவிடும். திங்கள் எட்டு மணிக்கு இயந்திரம் உறுமும். கத்திக்கொண்டு வருகிறவர்களிடம் எர்மெலிந்தா நோட்டைத் திறந்து காட்டுவாள். "நேத்து நீங்களே எழுதியிருக்கீங்களே!"

டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை சுனேத்ரா வந்தாள். மும்பைக்காரி, மராட்டி, நாற்பது வயதுக்குக் கொஞ்சம் கீழே. தனி ஆள். தோளில் ஒரே ஒரு பை. கடற்கரைக்கு வருகிறவர்கள் கொண்டு வருகிற தொப்பி, கறுப்புக் கண்ணாடி எதுவும் இல்லை. கண்ணுக்குக் கீழே யாரோ கட்டைவிரலால் மை தடவியதுபோல் இருந்தது. பத்து நாளைக்கு எடுத்திருந்தாள். தனியாக வருகிற பெண் என்றால் எனக்குக் கொஞ்சம் அக்கறை அதிகம். ஒரு தட்டில் பெபிங்கா கேக் எடுத்துக்கொண்டு போனேன்.

"எந்தப் பீச்சுக்குப் போகப் போறே மகளே?"

"எங்கேயும் இல்ல ஆன்ட்டி. தூங்க வந்திருக்கேன்."

"தூங்கவா? மும்பையில கட்டில் இல்லையா?"

சிரித்தாள். தண்ணீர் டம்ளரை எடுத்தபோது அது தட்டில் பட்டுக் கடகடவென்று ஆடியது.

ஞாயிற்றுக்கிழமை நோட்டில் அவளும் எழுதினாள். திங்கட்கிழமை எட்டு மணிக்கு இயந்திரம் ஆரம்பித்தது. நான் ஜன்னலில் ரெடியாக இருந்தேன். வழக்கமாக ஐந்து நிமிஷத்தில் கதவு படாரென்று திறக்கும். ஒரு முறை குருகிராமிலிருந்து வந்த ஒரு ஆள் சாப்பாட்டுத் தட்டையே தூக்கி எறிந்திருக்கிறான். இவள் பத்து நிமிஷம் கழித்து மெதுவாக வெளியே வந்தாள். பள்ளத்தைப் பார்த்தாள். கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டாள். எர்மெலிந்தா நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்; கேட்டால்தானே காட்ட முடியும்?

செவ்வாய்க்கிழமை ஒரு போர்வையைச் சுருட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். பாசிமணி விற்கிற பெண்களும் நாய்களும் ஒரு மணி நேரத்தில் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். டிசம்பரில் வேறு இடம் தேடினால் கோழிக்கூண்டுகூடக் கிடைக்காது. ராத்திரி இயந்திரம் ஓடாதே, அப்போது தூங்க வேண்டியதுதானே என்று எர்மெலிந்தா கேட்டாள். அன்று மாலை கொல்லையில் இருவரும் இறாலுக்கு ஓடு உரித்துக்கொண்டிருந்தபோது நடந்த பேச்சு இது. நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், ஜன்னலுக்கு இந்தப் பக்கம்.

"ராத்திரி எனக்குத் தூக்கம் வராது ஆன்ட்டி. நான் நர்ஸ். ஐ.சி.யூ. ஏழு வருஷமா ராத்திரி டியூட்டி. பகல்லதான் தூங்கிப் பழக்கம். இப்ப ஆறு மாசமா பகல்லயும் வரல."

"மாத்திரை போட்டுக்க வேண்டியதுதானே?"

"போட்டேன். போன மாசம் ஒருத்தருக்கு ஊசி போடப் போனேன். ஒரு மில்லி போட வேண்டிய இடத்துல பத்து மில்லி ஏத்தப் பார்த்தேன். பக்கத்துல இருந்த பொண்ணு கையைப் பிடிச்சுட்டா. அவ பிடிக்கலன்னா அந்த ஆள் போயிருப்பாரு. மேட்ரன் கூப்பிட்டு, பத்து நாள் போய்த் தூங்கிட்டு வா, வந்ததும் கையைப் பார்ப்பேன், அப்பவும் நடுங்கினா வார்டுக்குள்ள விடமாட்டேன்னாங்க."

எர்மெலிந்தா இறாலைக் கீழே போட்டுவிட்டாள்.

"எனக்கு வேற எதுவும் தெரியாது ஆன்ட்டி. இந்த ஒரு வேலைதான் தெரியும்" என்றாள் சுனேத்ரா. பிறகு குனிந்து பார்த்து, "உங்க கால் ரெண்டும் இப்படி வீங்கியிருக்கே, உப்பைக் குறைங்க. ரத்தக் கொதிப்பு பார்த்தீங்களா?" என்று கேட்டாள்.

எர்மெலிந்தா கெட்டவள் இல்லை. நல்லவளாக இருப்பதற்கு அவளுக்கு யாரும் அதிகம் சந்தர்ப்பம் கொடுத்ததில்லை, அவ்வளவுதான். அந்த ஆப்பில் ஒற்றை நட்சத்திரம் விழுந்துவிடுமோ என்கிற பயமும் இருந்திருக்கும். இரண்டில் எது எத்தனை பங்கு என்று என்னால் சொல்ல முடியாது. புதன்கிழமை காலை எட்டரைக்கு அவள் பள்ளத்துக்குப் போய்விட்டாள். எனக்கும் அந்தப் பக்கம் ஆட்டுக்குத் தழை ஒடிக்க வேண்டியிருந்தது.

மேற்பார்வை பார்க்கிற ஹனுமந்தப்பா பாகல்கோட்டைக்காரன். இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

"ஒரு வாரம் நிறுத்துப்பா. ஒரு பொண்ணு தூங்கணும்" என்றாள் எர்மெலிந்தா.

"மேடம், என்ன பேச்சு இது? தூங்குறதுக்கெல்லாம் மெஷினை நிறுத்தினா நான் ஊருக்குத்தான் போகணும்."

"மதியம் மட்டுமாவது?"

"நீங்களேதானே மேடம் கையெழுத்துப் போட்டீங்க, ஆட்சேபம் இல்லன்னு? பேப்பர் ஆபீஸ்ல இருக்கு." எர்மெலிந்தா என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் ஆட்டுத் தழையைப் பார்த்தேன். அவன் கொஞ்சம் இறங்கி வந்தான். "அக்டோபர்ல அந்த மூணாம் வீட்டுப் பாட்டி செத்தப்ப நிறுத்தினோமா இல்லையா? உங்க வாடோ வழக்கம், அடக்கம் ஆகுற வரைக்கும் சுத்தியல் விழக்கூடாதுன்னு பஞ்சாயத்து மெம்பர் முதல் நாளே சொல்லிட்டாரு. மதிச்சோம். சாவுன்னா சொல்லுங்க, நிறுத்துறேன். தூக்கம்னா எப்படி?"

அவன் தப்பாக எதுவும் சொல்லவில்லை. எர்மெலிந்தாவும் திரும்பி வந்தாள்.

பதினோரு மணிக்கு நான் கஞ்சிக்குக் கருவாடு தொட்டுக்கொண்டிருந்தேன். அந்த வீட்டிலிருந்து ஒரு ஓலம். கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன்.

"ஜெரோனிம்! ஐயோ ஆண்டவரே, எங்க ஜெரோனிம் போயிட்டானே!"

"எப்படி? எப்ப?"

"ஹார்ட்டு. நேத்து."

"யாரு சொன்னா?"

"போன்."

"எந்தப் போன்?"

"ஏண்டி பியெதாத், கொழுந்தன் செத்துக் கிடக்கான், நீ போனைக் கேக்குறியா?" என்று என் தோளில் விழுந்து அழுதாள். உண்மையான கண்ணீர். வீட்டை விற்றதிலிருந்து அவன்மேல் அடக்கி வைத்திருந்த ஆத்திரத்துக்கெல்லாம் அன்று வழி கிடைத்தது என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. "உடம்பு இங்கிலாந்துலேர்ந்து வரணும்ல? பேப்பரு, பெட்டி, பிளேனு… எட்டு நாள், பத்து நாள் ஆயிடும்" என்று நடுவில் தெளிவாகச் சொன்னாள். "அவன் பொண்டாட்டிக்கு யாரும் போன் பண்ணாதீங்க. பாவம், பேசுற நிலைமையில இல்ல."

இயந்திரம் நின்றது. ஹனுமந்தப்பா தலைக்கவசத்தை மார்பில் அணைத்துக்கொண்டு வந்து நின்றான். அந்த இடத்துக்கு ஜெரோனிம் பழைய உரிமைக்காரன் அல்லவா? மறுநாள் டெல்லிக்காரர் காரில் ஒரு மலர்வளையம் அனுப்பினார், மாட்டு வண்டிச் சக்கரம் அகலத்துக்கு. உடல் எட்டு நாள் கழித்து வரும் என்றால் எட்டு நாளும் வேலை நிற்க வேண்டும். வழக்கம் வழக்கம்தான், உடல் எங்கே இருக்கிறது என்று அதில் கிடையாது.

புதன்கிழமை முழுக்க ஆள் வந்துகொண்டே இருந்தது. இயந்திரத்தைவிட வாடோவின் துக்கம் சத்தமானது. சுனேத்ரா துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் டீ கொடுத்தாள். டீ வாங்கும் சாக்கில் சமையலறை வாசலில் நின்றபோது எனக்குக் கேட்டது.

"ஆன்ட்டி, இது எனக்காகவா?"

"யாருக்காகவா இருந்தா உனக்கென்ன? நாளையிலேர்ந்து கூட்டம் குறையும். போய்ப் படு."

"வேண்டாம் ஆன்ட்டி. தெரிஞ்சா உங்களுக்கு…"

"தெரியும்போது பார்த்துக்கலாம். வாயை மூடிட்டுத் தூங்கு."

வியாழக்கிழமை மதியம் அவள் அறைக் கதவு மூடியது. அப்புறம் எர்மெலிந்தா ஆடிய ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். கோழிகளைக் கூடையில் போட்டு மூடினாள். நாயை என் வீட்டில் கொண்டுவந்து கட்டினாள், கேட்காமலேயே. கிணற்று ராட்டினத்துக்குத் தேங்காய் எண்ணெய் விட்டாள். சாயந்தரம் ஜெபமாலை சொல்ல வந்தவர்களிடம், "மெதுவா சொல்லுங்க, ஜெரோனிமுக்குச் சத்தம்னாலே ஆகாது" என்றாள். கல்யாண வீடுகளில் டிரம்பெட் வாசித்தவன் ஜெரோனிம். ஆனாலும் எல்லோரும் காதோடு காதாகச் சொன்னோம்.

வெள்ளிக்கிழமை பகல் முழுக்க அந்தக் கதவு திறக்கவில்லை. திரைச்சீலைகூட அசையவில்லை. சாயந்தரம்தான் வெளியே வந்தாள். முகம் வீங்கி, கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்து, குழந்தைபோல் இருந்தாள். கொல்லையில் உட்கார்ந்து மீன் குழம்பும் சோறும் இரண்டு தட்டு சாப்பிட்டாள். சாப்பிட்டதும் வலது கையை மேஜைமேல் நீட்டி விரல்களை விரித்தாள்.

"பாருங்க ஆன்ட்டி."

எர்மெலிந்தா குனிந்து பார்த்தாள். நானும் ஜன்னலிலிருந்து பார்த்தேன். விரல் நுனிகூட ஆடவில்லை.

"இன்னும் மூணு நாள் இப்படித் தூங்கினா போதும்" என்றாள் சுனேத்ரா. எர்மெலிந்தா அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். சொந்தப் பிள்ளைக்குக்கூட அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். நான் கோவில் பாடகர் குழுவில் இருக்கிறேன். அடக்கப் பூசைக்கு எந்தப் பாட்டு, என்றைக்குப் பயிற்சி என்று தெரிய வேண்டாமா? கறுப்பு கவுன் வேறு இடுப்பில் பிடிக்கிறது. தையல்காரியிடம் தேதி சொல்லியாக வேண்டும். ஜெரோனிமின் பெண்டாட்டிக்குத்தான் போன் செய்யக்கூடாது. என் சித்தி மகள் லுயீஜாவும் சுவிண்டனில்தான் இருக்கிறாள். அவளுக்குச் செய்யக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

"பெட்டி எப்ப கிளம்புது லுயீஜா?"

"என்ன பெட்டி?"

"ஜெரோனிமோட பெட்டி."

"அவன் எங்கே கிளம்புறான்? காலையில கடையில பார்த்தேன். கானாங்கெளுத்திக்குப் பேரம் பேசிட்டு நிக்கிறான். இங்கெல்லாம் பேரம் கிடையாதுன்னு கடைக்காரன் கத்துறான்."

போனை வைத்தேன். எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். ஆனால் தெரிவது வேறு, கையில் இருப்பது வேறு. இரவு சாப்பாடுவரை யாரிடமும் சொல்லவில்லை. அதற்கப்புறமும் சொல்லவில்லை. அந்தக் கை ஆடாமல் இருந்ததை நினைத்துக்கொண்டேதான் படுத்தேன். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ரொட்டி விற்கிற பொதேர் எவாரிஸ்தோ சைக்கிள் ஹாரனை அமுக்கிக்கொண்டு பாவ் கொண்டுவந்தான்.

"ஜெரோனிம் உடம்பு எப்ப வருதாம்?" என்று கேட்டான்.

"அது வர்றது கஷ்டம். மீன் வாங்கிட்டு இருக்கு" என்றேன்.

அவன் ஒருவனிடம்தான் சொன்னேன். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னேன். அவன் பாவ் போடுகிற வீடுகளில் ஹனுமந்தப்பாவின் ஆட்கள் தங்கியிருக்கிற கொட்டகையும் ஒன்று என்பது எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருப்பேனோ என்னவோ.

எட்டு மணிக்கு இயந்திரம் ஆரம்பித்தது. ஒன்று இல்லை, இரண்டு. நின்றுபோன நாளுக்கு ஈடுகட்ட இன்னொன்றையும் எங்கிருந்தோ வரவழைத்திருந்தான். ஹனுமந்தப்பா எர்மெலிந்தாவின் வாசலில் நின்று கத்தியது அந்தச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"ஏன் மேடம், உங்க பிணம் மார்க்கெட்ல மீன் வாங்குதாமே? நான் ஆளுங்களைக் கூப்பிட்டு மௌனமா நிக்க வெச்சேன்! ஓனர் பூ அனுப்பினாரு!"

பஞ்சாயத்து மெம்பர் வந்தார். ஜெபமாலை சொன்ன பெண்கள் எல்லோரும் வந்தார்கள். சாகாதவனுக்காகச் சொன்ன மூன்று நாள் ஜெபத்தை எப்படித் திரும்ப வாங்குவது என்பதுபோல் அவர்களுக்குக் கோபம். எர்மெலிந்தா பின்கட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பிடுங்கி எழுப்பப்பட்டவளின் முகம். முதலில் எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை அவளுக்கு, "பெட் நம்பர் என்ன?" என்று மராட்டியில் கேட்டாள். பிறகுதான் கூட்டத்தைப் பார்த்தாள். தன் கைகளைப் பார்த்தாள். இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

அரை மணி நேரத்தில் டாக்ஸி வந்துவிட்டது. எர்மெலிந்தா டிபன் கட்டிக் கொடுத்தாள், சுனேத்ரா வாங்கிக்கொண்டாள். "கால் வீக்கத்தைக் காட்டுங்க ஆன்ட்டி, விட்டுடாதீங்க" என்றாள். அப்போதும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எங்கள் எல்லோருக்கும் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. டாக்ஸி ஜன்னலில் குனிந்தேன். "மகளே, ஒரு நாள் பொறுத்துக்கோ. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ஒரு சத்தம் இருக்காது."

"ஒரு நாள்தானே ஆன்ட்டி" என்றாள். அப்புறம் என்னை நன்றாகப் பார்த்து, "யாரு சொன்னாங்களாம்?" என்று கேட்டாள்.

"பொதேர்" என்றேன்.

தலையாட்டினாள். வண்டி புறப்பட்டது.

ஜெரோனிம் சுவிண்டனிலிருந்து போன் செய்து, "என்னை யாரு கொன்னது?" என்று ஒரு மணி நேரம் கத்தினான். அதற்கு எர்மெலிந்தா என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அவள் கொல்லைப் பக்கம் ஒரு தகரத் தடுப்பு வைத்துவிட்டாள், என் ஜன்னல் உயரத்துக்கு. என்னோடு பேசுவதும் இல்லை. சனிக்கிழமை மாலை ஆறரைக்குச் சாவி கொடுப்பது மட்டும் தொடர்கிறது. வேறென்ன செய்வாள், பின்கட்டை நம்பித்தானே கசியானோ வராத மாதங்கள் ஓடுகின்றன. சிவப்பு நோட்டை மட்டும் இப்போது யாரிடமும் நீட்டுவதில்லையாம். அதைச் சொன்னது எவாரிஸ்தோ.

சுனேத்ராவின் செய்தியையும் அவன்தான் கொண்டுவந்தான், பிப்ரவரியில். எர்மெலிந்தா அவளுக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள். பதில் வந்ததாம்: மேட்ரன் கையைப் பார்த்தாராம். இப்போது கீழ்த் தளத்தில், நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிற ஜன்னலில் உட்கார வைத்திருக்கிறார்களாம். பகல் வேலை. ஊசி பக்கமே போக வேண்டியதில்லை. தூக்கம் மட்டும் இன்னும் வரவில்லையாம்.

"பாவம்" என்றேன்.

எவாரிஸ்தோ பாவ் கூடைமேல் துணியை இழுத்து மூடினான். "உங்களுக்கு எத்தனை பாவ் வேணும்?" என்று கேட்டான். நாலு என்றேன். எண்ணிக் கொடுத்துவிட்டு, ஊர்க் கதை எதுவும் கேட்காமல், சொல்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். பத்து வருஷத்தில் அவன் அப்படிப் போனது அன்றுதான்.